எழுத மூன்று வருஷம்: யார் தருவார்கள், எங்கே தருவார்கள்?

நான் வேலை பார்க்கும் சென்னைக் கல்லூரியில் அக்டோபர் பிறந்தால் ஆங்கில இலக்கிய மாணவர்கள் சிலர் பரிந்துரைக் கடிதம் கேட்டு வருவார்கள். படைப்பெழுத்தில் முதுகலைப் பட்டம் படிக்க அமெரிக்காவுக்கோ இங்கிலாந்துக்கோ விண்ணப்பம் போடுகிறவர்கள். அமெரிக்காவில் இதன் பெயர் எம்.எஃப்.ஏ., அதாவது மாஸ்டர் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ். கதை, கவிதை, கட்டுரை எழுதுவதே பாடம். தேர்வுத்தாளுக்குப் பதில், கடைசியில் ஒரு நாவலோ தொகுப்போ எழுதிக் கொடுக்க வேண்டும்.

நான் அதைப் படித்தவள். பாளையங்கோட்டையில் வளர்ந்து, அமெரிக்காவின் நடுமேற்கில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷம் இருந்துவிட்டுத் திரும்பினேன். என் வாழ்க்கையின் மிகப் பயனுள்ள மூன்று வருஷம் அது. அப்படியிருந்தும், கேட்கிற எல்லோரிடமும் "போ" என்று நான் சொல்வதில்லை. கடிதத்துக்குக் கையெழுத்துப் போடுமுன் இரண்டு கேள்வி கேட்பேன். அங்கே இருக்கும் காலத்துக்கு யார் காசு தருகிறார்கள்? அங்கே உன் எழுத்தை யார் படிக்கப் போகிறார்கள்? இரண்டுக்கும் பதில் இருந்தால் கிளம்பலாம். இல்லையென்றால் எவ்வளவு பெரிய பெயருள்ள இடமாக இருந்தாலும் வேண்டாம் என்பேன்.

இந்தப் படிப்பு வந்த வழி

அயோவா பல்கலைக்கழகம் 1922-இல் ஒரு முடிவெடுத்தது. முதுநிலைப் பட்டத்துக்கு ஆய்வேட்டுக்குப் பதிலாகக் கதை, கவிதை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்வோம் என்றது. 1936-இல் அங்கே எழுத்தாளர் பட்டறை முறையாகத் தொடங்கியது. 1941 முதல் 1965 வரை அதை நடத்திய பால் எங்கிள் என்ற கவிஞர்தான் அதை உலகறியச் செய்தவர். ஜார்ஜியாவிலிருந்து வந்த ஓர் இளம்பெண் அவர் அறைக்குள் வந்து பேசியபோது, அவளுடைய தெற்கத்தி உச்சரிப்பு அவருக்குப் பிடிபடவே இல்லையாம். சொல்ல வந்ததைக் காகிதத்தில் எழுதிக் காட்டச் சொன்னார். அந்தப் பெண்தான் ஃபிளானரி ஓ'கானர். இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கச் சிறுகதையை அவர் இல்லாமல் பேச முடியாது.

இங்கிலாந்தில் ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகம் 1970-இல் இதே போன்ற எம்.ஏ. படிப்பைத் தொடங்கியது. மால்கம் பிராட்பரியும் ஆங்கஸ் வில்சனும் தொடங்கினார்கள். முதல் மாணவர் இயான் மெக்யூவன். பத்து வருஷம் கழித்து அங்கே படித்து வெளியே வந்த கசுவோ இஷிகுரோவுக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் பெயர்களைப் பார்த்துத்தான் பிள்ளைகள் மயங்குகிறார்கள். எழுத்தைக் கற்றுத்தர முடியாது, எழுதுகிறவரை ஊக்கப்படுத்தத்தான் முடியும் என்பது அயோவாவே தன்னைப் பற்றிச் சொல்லிவந்த நிலைப்பாடு. என் அனுபவமும் அதுதான். அந்தப் படிப்பு எனக்குத் தந்தவை இரண்டு: வேறு கவலை இல்லாமல் எழுத நேரம், எழுதியதை வரிவரியாகப் படிக்க ஆள். ஆகவே அந்த இரண்டையும் பற்றித்தான் விசாரிக்க வேண்டும்.

முதல் கேள்வி: காசு

போன வருஷம் ஒரு மாணவி தன் அப்பாவையும் அழைத்துக்கொண்டு வந்தாள். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுற்றி வளைக்காமல் கேட்டார்: "இதப் படிச்சா வேலை கிடைக்குமா மேடம்?"

"இத மட்டும் வச்சுக் கிடைக்கும்னு சொல்ல முடியாது சார். அவங்களே காசு குடுத்துக் கூப்பிட்டா தைரியமா அனுப்புங்க. வீட்டுப் பத்திரத்த பேங்க்ல வைக்கணும்னா அனுப்பாதீங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை விளக்குகிறேன். அமெரிக்காவில் நல்ல எம்.எஃப்.ஏ. இடங்கள் பலவற்றில் மாணவர் கட்டணமே கட்ட வேண்டாம். கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதாமாதம் உதவித்தொகையும் தருவார்கள். பல இடங்களில் அது ஆண்டுக்கு 20,000 முதல் 30,000 டாலருக்குள் இருக்கும். சிறிய ஊரில் அறையைப் பங்கிட்டு வாழ்ந்தால் அது போதும். நியூயார்க்கில் போதாது.

பெரும்பாலும் அந்தத் தொகை வேலைக்கான கூலி. முதலாண்டு இளநிலை மாணவர்களுக்குக் கட்டுரை எழுதும் பாடத்தை நாம்தான் நடத்த வேண்டும். நர்சிங், விவசாயம், கணக்குப்பதிவியல் படிக்க வந்த பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்குக் காலை எட்டு மணி வகுப்பு எடுத்திருக்கிறேன். அவர்கள் கட்டுரைகளைத் திருத்தி முடிக்க ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆகும். மாணவர் விசாவில் இருப்பவர், வகுப்புகள் நடக்கும் பருவத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது விதி. ஆகவே வெளியே வேறு வேலை பார்த்துச் சமாளிக்கலாம் என்ற கணக்கு செல்லாது. கணவனோ மனைவியோ கூடவே வந்தால், அவர்களுக்குக் கிடைக்கும் எஃப்-2 விசாவில் வேலை பார்க்க அனுமதியே இல்லை.

எல்லா இடமும் இப்படிக் காசு தருவதில்லை. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எழுத்துப் படிப்பின் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 60,000 டாலருக்கு மேல். நம் காசில் அரைக் கோடி. அங்கே ஆசிரியர்கள் பெரிய எழுத்தாளர்கள், பதிப்பாளர்களின் அலுவலகங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனாலும் அந்தக் கடனை அடைக்கும் வருமானம் கதை எழுதி வராது. நம்மூர் வங்கிகளின் கல்விக் கடன் திட்டத்தில் பொதுவாக ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்தை அடமானம் கேட்பார்கள். அப்பா பணி ஓய்வுப் பணத்தில் கட்டிய வீட்டை வைத்து ஒரு நாவல் எழுதப் போகிறவள், அந்த நாவலை நிம்மதியாக எழுத முடியாது. நேரம் வாங்கத்தான் அங்கே போகிறோம். கடன் வாங்கிப் போனால் திரும்பி வந்த பிறகு வரும் நேரத்தையெல்லாம் முன்கூட்டியே விற்றுவிடுகிறோம்.

வேலையைப் பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் எம்.எஃப்.ஏ. இந்தத் துறையின் இறுதிப் பட்டமாகக் கருதப்படுகிறது. அதை வைத்துக் கல்லூரியில் படைப்பெழுத்து கற்பிக்கலாம். ஆனால் அந்த வேலைகள் மிகக் குறைவு, புத்தகம் வெளிவந்திருந்தால்தான் திரும்பிப் பார்ப்பார்கள். படிப்பு முடிந்ததும் அங்கே வேலை செய்ய நமக்கு 12 மாதம் அனுமதி கிடைக்கும். கணினி, பொறியியல் படித்தவர்களுக்குக் கூடுதலாக 24 மாதம் உண்டு, நமக்கு இல்லை. இந்தியாவில் உதவிப் பேராசிரியர் ஆவதற்கு நெட் தேர்வோ முனைவர் பட்டமோ வேண்டும். என் கல்லூரி வேலையே நான் போவதற்கு முன்பு எம்.ஏ. முடித்து நெட் எழுதித் தேறியிருந்ததால் கிடைத்தது. இதைச் சொன்னதும் சில பிள்ளைகளின் முகம் வாடும். வாடினாலும் இங்கேயே தெரிந்துகொண்டு போவது நல்லது.

இரண்டாவது கேள்வி: யார் படிப்பார்கள்?

பட்டறை வகுப்பு நடக்கும் முறை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு வாரம் முன்னதாக நம் கதையை எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசுவார்கள். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. கேட்டுக் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

என் முதல் கதை பாளையங்கோட்டை ரேஷன் கடை வாசலில் நடப்பது. மண்ணெண்ணெய் ஊற்றும் நாள். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிவரப் போன செல்வி என்ற பெண், தன் இடத்தில் ஒரு செங்கல் துண்டை வைத்துவிட்டுப் போகிறாள். நம்மூரில் இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கல், பை, காலி கேன் எல்லாம் ஆளுக்குப் பதில் வரிசையில் நிற்கும். என் வகுப்பில் அந்தக் கல்லைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள். செத்துப்போன ஒருவரின் குறியீடு என்றார் ஒருவர். பெண்களின் பேச்சற்ற நிலையைக் காட்டுகிறது என்றார் இன்னொருவர். நான் பேசக் கூடாது. உட்கார்ந்திருந்தேன்.

நெப்ராஸ்காவில் சோளம் விளைவிக்கும் குடும்பத்திலிருந்து வந்த ஒருவன் அதுவரை பேசாமல் இருந்தான். கடைசியில் கேட்டான்: "வரிசை நகரும்போது அந்தக் கல்லை யார் நகர்த்துவார்கள்?"

கதை எனக்கு அந்த நிமிஷத்தில்தான் திறந்தது. பின்னால் நிற்பவர்தான் காலால் தள்ளிவிடுவார். அந்தப் பின்னால் நிற்பவளுக்கும் செல்விக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்றால்? வரிசை நகரும், கல் அங்கேயே கிடக்கும். அவள் தள்ளுவாளா, மாட்டாளா? அன்றிரவே அந்தப் பகுதியை எழுதினேன். கதை அதற்குப் பிறகு அந்த இரண்டு பெண்களின் கதையாக மாறியது.

குறியீடு தேடியவர்களும் கெட்டிக்காரர்கள்தான், என் கதையை அக்கறையோடு படித்தவர்கள்தான். ஆனால் எனக்கு உதவியது, அந்த வாசலில் தானும் போய் நின்று பார்த்த ஒருவனின் கேள்வி. அப்படி ஓர் ஆள் கிடைப்பாரா என்பதுதான் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது.

கிடைக்காதவர்களின் கதையும் உண்டு. டொமினிகன் குடும்பத்தில் பிறந்து கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த ஜூனோ டியாஸ், வெள்ளையரே பெரும்பாலும் நிறைந்த பட்டறையில் இனம் பற்றிப் பேசவே இடமில்லாமல் திணறியதை 2014-இல் 'நியூயார்க்கர்' இதழில் எழுதினார். சாண்ட்ரா சிஸ்னெரோஸ் அயோவாவில் படித்தபோது ஒரு வகுப்பில் வீட்டைப் பற்றிய விவாதம் வந்தது. மற்றவர்கள் பேசிய மாதிரியான வீடே தனக்கு இருந்ததில்லை என்பது அவருக்கு அங்கேதான் உறைத்தது. அந்த வகுப்பில் யாராலும் எழுத முடியாத ஒன்றை எழுதுவேன் என்று முடிவு செய்தார். 1984-இல் வெளிவந்த 'மாங்கோ தெரு வீடு' நாவலின் தொடக்கம் அது. எழுதியவர் வாயை மூடி உட்கார வேண்டும் என்ற வழக்கமே, எல்லோரும் ஒரே பின்னணியிலிருந்து வந்தவர்கள் என்ற எண்ணத்தில் உருவானது என்று மாத்யூ சலேசஸ் என்ற கொரிய அமெரிக்க எழுத்தாளர் 2021-இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். இப்போது பல ஆசிரியர்கள் எழுதியவரையும் பேசவிடுகிறார்கள், அவர் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று முதலில் கேட்கிறார்கள்.

ஆகவே பல்கலைக்கழகத்தின் தரவரிசையைப் பார்க்காதீர்கள். அங்கே பாடம் எடுப்பவர்களின் புத்தகங்களைப் படியுங்கள். ஒருவருடைய ஒரு புத்தகத்தையாவது உங்களால் கீழே வைக்க முடியாமல் போனால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் அங்கே படிக்கும் காலத்தில் அவர் விடுப்பில் போகாமல் இருப்பாரா என்று விசாரியுங்கள். மின்னெஸோட்டா பல்கலைக்கழகத்தின் எம்.எஃப்.ஏ.வில் கற்பிக்கும் வி.வி. கணேசானந்தன் இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர், தானே அயோவாவில் படித்தவர். யாழ்ப்பாணத்தில் போர் மூண்ட காலத்தை ஒரு மருத்துவ மாணவியின் குரலில் சொல்லும் அவருடைய 'பிரதர்லெஸ் நைட்' நாவலுக்கு 2024-இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசு கிடைத்தது. ரேஷன் கடைக் கல்லை அவருக்கு விளக்க வேண்டியிருக்காது என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கெங்கே, என்னென்ன

இரண்டு வருஷப் படிப்பு அயோவா, கார்னெல், மிச்சிகன் போன்ற இடங்களில். கார்னெலில் ஆண்டுக்கு எட்டே பேர்: கதைக்கு 4, கவிதைக்கு 4. மூன்று வருஷப் படிப்பு ஆஸ்டினில் உள்ள டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் மிச்னர் மையத்திலும் சிராக்யூஸிலும். மிச்னர் மையம் கதை, கவிதை, நாடகம், திரைக்கதை போன்றவற்றில் இரண்டைப் படிக்கச் சொல்லும். டெல்லியில் வளர்ந்த கரண் மகாஜன் அங்கே படித்தவர். சிராக்யூஸில் ஜார்ஜ் சாண்டர்ஸ் கற்பிக்கிறார். ஆறு இடத்துக்கு 600, 700 விண்ணப்பங்கள் வருவதாக 2021-இல் வந்த தன் நூலில் அவரே எழுதியிருக்கிறார். என்னைக் கேட்டால் மூன்று வருஷம் நல்லது. முதல் வருஷம் குளிருக்கும் வகுப்புக்கும் பழகவே போய்விடும்.

ஸ்டான்ஃபோர்டில் ஸ்டெக்னர் நல்கை என்று ஒன்று உண்டு. கதைக்கு ஐந்து பேர், கவிதைக்கு ஐந்து பேர் என்று தேர்ந்தெடுத்து இரண்டு வருஷம் பணம் தருவார்கள். பட்டமே கிடையாது. எழுத நேரம் மட்டும் போதும் என்பவருக்கு அது உயர்ந்த இடம்.

இங்கிலாந்தின் எம்.ஏ. ஒரே வருஷம். பெரும்பாலும் நம் காசில் படிக்க வேண்டும், உதவித்தொகைகள் கொஞ்சம்தான். கேரளத்தைச் சேர்ந்த தீபா ஆனப்பாரா ஈஸ்ட் ஆங்லியாவில் படித்து எழுதிய நாவல் 2020-இல் வெளிவந்து பல நாடுகளுக்குப் போனது. நாவலில் பாதியாவது கையில் வைத்திருப்பவருக்கு அந்த ஒரு வருஷம் சரியாக இருக்கும்.

வேலையையும் குடும்பத்தையும் விட்டுவர முடியாதவர்களுக்குக் குறைந்த வருகைப் படிப்பு இருக்கிறது. வடக்குக் கரோலினாவின் வாரன் வில்சன் கல்லூரியில் ஜனவரியிலும் ஜூலையிலும் பத்துப் பத்து நாள் நேரில் போனால் போதும். மீதிக் காலம் ஓர் ஆசிரியருக்கு எழுதி அனுப்பித் திருத்தம் வாங்கலாம். இதற்கும் கட்டணம் உண்டு, விமானச் செலவும் சேரும்.

இதெல்லாம் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு. தமிழில் எழுதுகிறவர்களிடம் நான் வேறு சொல்வேன். அசோகமித்திரன் 1973-இல் அயோவாவுக்குப் போனார். அவர் போனது பட்டப் படிப்புக்கு அல்ல. ஏற்கெனவே எழுதிப் பெயர் பெற்ற பல நாட்டு எழுத்தாளர்களைச் சில மாதம் அழைத்து வைத்துக்கொள்ளும் சர்வதேச எழுத்துத் திட்டத்துக்கு. பால் எங்கிளும் சீன எழுத்தாளர் நியே ஹுவாலிங்கும் 1967-இல் தொடங்கியது அது. அதிலிருந்து நமக்கு 'ஒற்றன்!' நாவல் கிடைத்தது. தமிழில் எழுதுகிறவர் தமிழ் வாசகர்களுக்கு நடுவே இருந்து எழுதுவதே பலம். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும் ஆர்வம் இருந்தால் மட்டும், அயோவாவில் இலக்கிய மொழிபெயர்ப்புக்கென்றே இருக்கும் எம்.எஃப்.ஏ.வையோ ஈஸ்ட் ஆங்லியாவின் மொழிபெயர்ப்பு எம்.ஏ.வையோ பாருங்கள் என்பேன். நம்மிடம் மொழிபெயர்க்க நூறு வருஷத்துச் சொத்து காத்திருக்கிறது.

விண்ணப்பம் போடும்போது

பெரும்பாலான இடங்களுக்குக் கடைசி நாள் டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரிக்குள். கதைக்கு 20 முதல் 30 பக்கம், கவிதைக்குப் பத்துப் பக்கம் அளவில் மாதிரி அனுப்ப வேண்டும். நோக்கக் கடிதம், மூன்று பரிந்துரை, மதிப்பெண் பட்டியல், ஆங்கிலத் தேர்வு முடிவு ஆகியவை பின்னால் வரும். ஜி.ஆர்.இ. என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணை இப்போது பெரும்பாலும் கேட்பதில்லை. தீர்மானிப்பது அந்த மாதிரிப் பக்கங்கள்தான். என் கடிதத்தில் எவ்வளவு புகழ்ந்தாலும், முதல் மூன்று பக்கம் தூக்கி நிறுத்தாவிட்டால் பயனில்லை. விண்ணப்பக் கட்டணம் பல இடங்களில் 100 டாலரை ஒட்டி வரும். பத்து இடத்துக்குப் போட்டால் 80,000 ரூபாய்க்கு மேல் போய்விடும். கேட்டால் சில இடங்களில் தள்ளுபடி செய்வார்கள். கேளுங்கள்.

பிப்ரவரி, மார்ச்சில் பதில் வரும். இடம் கிடைத்த மகிழ்ச்சியில் உடனே சம்மதம் சொல்ல வேண்டாம். உதவித்தொகையோடு இடம் தரும் பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை காத்திருப்பதாகத் தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அந்த அவகாசத்தில் அங்கே படிக்கும் மாணவர் இரண்டு பேருடன் பேசுங்கள். உதவித்தொகை ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா? கோடையில் எப்படிச் சாப்பிடுகிறீர்கள்? மருத்துவக் காப்பீட்டில் எவ்வளவு நம் தலையில்? எல்லோருக்கும் ஒரே தொகையா, ஆளுக்கு ஆள் வேறா? ஆளுக்கு ஆள் வேறு என்றால் வகுப்புக்குள் பொறாமை இருக்கும், அது மேசையைச் சுற்றிய பேச்சிலும் தெரியும்.

விசா விதிகளும் இப்போது அடிக்கடி மாறுகின்றன. 2025 மே இறுதியில் மாணவர் விசா நேர்காணலுக்குப் புதிய தேதி தருவதையே அமெரிக்கா சில வாரம் நிறுத்தி வைத்தது. எனவே இங்கே இருக்கும் வேலையை விசா கைக்கு வரும்வரை விடாதீர்கள்.

போகாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் மாணவன் ஒருவனுக்கு நல்ல இடத்தில் சேர்க்கை கிடைத்தது, உதவித்தொகை கிடைக்கவில்லை. மறுத்துவிட்டான். இப்போது அம்பத்தூரில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை. விடியற்காலை இரண்டு மணி நேரம் எழுதுகிறான், பழைய வகுப்புத் தோழர்கள் இருவருக்கு மாதம் ஒருமுறை பக்கங்கள் அனுப்புகிறான், அவர்கள் பக்கங்களை இவன் திருத்துகிறான். நேரமும் வாசகரும் அவனுக்கு இங்கேயே அமைந்திருக்கின்றன. மூன்று வருஷத்தில் எனக்குக் கிடைத்ததைவிடக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிடைக்கிறது, ஆனால் நிற்காமல் கிடைக்கிறது.

அதனால் இந்த அக்டோபரிலும் கடிதம் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கப்போவது மாதிரிக்கான அந்த 25 பக்கத்தைத்தான். பல்கலைக்கழகப் பட்டியலை அப்புறம் பார்க்கலாம். அந்தப் பக்கங்களை எழுதி, நம்பிக்கையான இருவரிடம் கொடுத்து, திருத்தி, மறுபடி எழுதிக் கொண்டுவாருங்கள். அதற்கு ஒரு வருஷம் ஆனால் ஆகட்டும், விண்ணப்பம் அடுத்த டிசம்பரிலும் போடலாம். காசு தந்து கூப்பிட்டால் போய்ப் படியுங்கள். கூப்பிடாவிட்டாலும் அந்தப் பக்கங்கள் உங்களுடையவை, அடுத்த 25-ஐ அங்கிருந்து தொடங்கலாம்.